கடன் வேண்டாம், ஒரு பிரெட்போர்டு போதும்

அம்மா, நேற்று நீங்கள் மகளோடு வந்தபோது பத்து நிமிடம் ஆறுதல் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. கடன் வாங்கி அந்த ரோபோட்டிக்ஸ் சான்றிதழ் வகுப்பில் அவளைச் சேர்க்க வேண்டாம். உங்கள் கொழுந்தனார் எத்தனை முறை வற்புறுத்தினாலும் சரி.

அங்கே ஏற்கெனவே செய்துவைத்த மின்சுற்றுப் பலகையில் ஏற்கெனவே எழுதிவைத்த நிரலை ஏற்றினால் பொம்மைக் கார் ஓடும், எல்லோரும் கைதட்டுவார்கள். உங்கள் மகளோ அணைந்துபோன டார்ச்சைப் பிரித்து, ஏன் எரியவில்லை என்று பார்க்கிறவள்.

கணினி அறிவியல் பற்றி உறவினர்கள் போதுமான அளவு பேசிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது எலக்ட்ரானிக்ஸ், அதிலும் 555 டைமர். 1971இல் ஹான்ஸ் கேமன்சிண்ட் வடிவமைத்த, நேரம் கணக்கிடும் எட்டுக் கால் ஐசி (ஒரே சில்லில் அடங்கிய மின்சுற்று); இன்றும் தயாராகிறது. பிரெட்போர்டில் (பற்றவைக்காமலே பாகங்களைச் செருகும் துளைப் பலகை) அதைப் பொருத்தி, 1 கிலோ ஓம், 68 கிலோ ஓம் ரெசிஸ்டர்களும் (மின்னோட்டத்தை மட்டுப்படுத்துபவை) 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் (மின்னேற்றத்தைச் சேமிப்பது) சேர்த்து 9 வோல்ட் பேட்டரியில் இணைத்தால், எல்இடி நொடிக்கு ஏறக்குறைய ஒருமுறை சிமிட்டும். (எல்இடியோடு தொடராக 470 ஓம் ரெசிஸ்டர் கட்டாயம், இல்லையென்றால் கருகிவிடும்.) பிறகு கெப்பாசிட்டரை 100 மைக்ரோஃபாரடாக மாற்றி, அதன் இரு முனைகளிலும் மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை வைக்கச் சொல்லுங்கள். எண் மெல்ல 6 வோல்ட் வரை ஏறும், அங்கே திரும்பி 3 வரை இறங்கும், மறுபடி ஏறும். பேட்டரி மின்னழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றில் ஒரு பங்கு: இந்த இரண்டு எல்லைகளைத்தான் அந்த ஐசி காவல் காக்கிறது. பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த கெப்பாசிட்டர் கண்ணெதிரே நிரம்பி வடிவதைப் பார்ப்பாள். எனக்கே இன்னும் அலுக்கவில்லை.

செலவு விஷயத்தில் நான் கறார்தான். பிரெட்போர்டு, எளிய மல்டிமீட்டர், கொஞ்சம் உதிரி பாகங்கள், அவ்வளவே. பாகங்களைப் பற்றவைக்கும் சால்டரிங் இரும்பு, அவளே கேட்கும்போது, ஜன்னல் திறந்த அறையில். மின் அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் பேச்சே இப்போது வேண்டாம். வீட்டுச் சுவர் மின்சாரத்தில் கை வைக்கக் கூடாது, பேட்டரி மட்டுமே; இதில் சலுகை கிடையாது.

மூன்று மாதத்தில் அவளுக்குச் சலித்துவிட்டால் விட்டுவிடட்டும். நீங்கள் பிடித்துத் தள்ள வேண்டாம். அடுத்த முறை வரும்போது அவள் கட்டிய சுற்றுகளில் வேலை செய்யாத ஒன்றைக் கழற்றாமல் அப்படியே எடுத்து வரட்டும். அதைப் பற்றி நான் அவளிடமே பேசிக்கொள்கிறேன்.