வேலை எங்கே காத்துக் கிடக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்: இம்முறை செயல்பாட்டு மேலாண்மை

கேள்வி: இரும்பு அலமாரி செய்யும் தொழிற்கூடம் நடத்துகிறேன். நாளொன்றுக்கு 20 அலமாரிகள் முடிகின்றன. 7 நாளில் தருவதாகச் சொல்லித்தான் ஆர்டர் எடுக்கிறோம். ஆனால் 15 நாள் ஆகிவிடுகிறது. செயல்பாட்டு மேலாண்மைக்குத் தனியாக ஒருவர் வேண்டும் என்கிறார் எங்கள் தணிக்கையாளர். மேற்பார்வையாளர் இருக்கும்போது அது எதற்கு?

பதில்: இன்றைய வேலை இன்று முடிகிறதா என்று பார்ப்பது மேற்பார்வையாளரின் பொறுப்பு. ஆர்டர் ஏற்ற நேரத்திலிருந்து பொருள் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேரும்வரை உள்ள முழுப் பாதையையும், அதாவது கொள்முதல், கொள்திறன், தரம், சரக்கிருப்பு, ஆள்பலம், அனுப்புகை ஆகிய எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்து முடிவெடுப்பதே செயல்பாட்டு மேலாண்மை. விற்பனைப் பிரிவு வாக்குக் கொடுக்கிறது, கணக்குப் பிரிவு விளைவை எழுதிவைக்கிறது. கொடுத்த வாக்கை நிறைவேற்றுவது இந்தப் பொறுப்பில் இருப்பவரின் வேலை. தொழிற்சாலைக்கு மட்டுமன்றி, மருத்துவமனைக்கும் வங்கிக்கும்கூட இது பொருந்தும்.

உங்கள் கூடத்தில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஏதாவது ஓர் அலமாரியின் ஜாப் கார்டை (அதன் வேலை விவரம் எழுதும் அட்டையை) எடுத்து, தகடு வெட்டிய நேரம், வளைத்த நேரம், வெல்டிங், வண்ணம், பூட்டுப் பொருத்தியது என ஒவ்வொரு கட்டமும் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள். அந்த அலமாரியின்மேல் கை பட்ட நேரம் சில மணிகளுக்குள் அடங்கிவிடும். மீதி நாட்களெல்லாம் அது ஏதோ ஒரு கட்டத்தின் வாசலில் காத்து நின்றிருக்கும்.

ஜான் லிட்டில் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் நிறுவிய விதி ஒன்று உங்களுக்கு நேரடியாக உதவும். சீராக நடக்கும் எந்த அமைப்பிலும், உள்ளே நிற்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையை ஒரு நாளில் முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை உள்ளே தங்கும் சராசரி நாட்கள் கிடைக்கும். நாளுக்கு 20 முடிந்து, 15 நாள் ஆகிறது என்றால், உங்கள் கூடத்தில் ஏறத்தாழ 300 அலமாரிகள் அரைகுறையாக நிற்கின்றன என்று பொருள். அதே வேகத்தில் 7 நாளில் கொடுக்க வேண்டுமானால் 140க்கு மேல் உள்ளே விடக்கூடாது. மிச்சமுள்ள 160 அலமாரிகளின் தகட்டுக்கும் கூலிக்கும் நீங்கள் கொடுத்துவிட்ட பணம் வரவாகத் திரும்பாமல் தரையில் முடங்கிக் கிடக்கிறது. அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனம் போதவில்லை என்று வங்கிக்குப் போகும் பலருக்கு நான் முதலில் சொல்வது, கூடத்துக்குள் போய் எண்ணிப் பாருங்கள் என்பதுதான்.

கேள்வி: ஓர் இயந்திரம் சும்மா நின்றாலே நஷ்டம் என்பது என் கணக்கு. எல்லா இயந்திரங்களும் ஓடுகின்றன. அப்படியும் ஏன் தாமதம்?

பதில்: எல்லா இயந்திரங்களும் ஓடுவதால்தான் தாமதம். வேலை வரும் நேரமும் முடியும் நேரமும் முன்பின்னாக இருக்கும் ஓர் இடத்தில், காத்திருக்கும் வரிசை, இயந்திரத்தை ஈடுபடுத்தும் அளவோடு ஒரே விகிதத்தில் வளராது. காத்திருப்பைக் கணக்கிடும் எளிய வரிசைக் கோட்பாட்டின்படி, ஒரு வேலைக்குச் சராசரியாக 10 நிமிடம் எடுக்கும் இயந்திரத்தை 80 சதவீதம் ஈடுபடுத்தினால் ஒவ்வொரு வேலையும் சராசரியாக 40 நிமிடம் காத்திருக்கும். 90 சதவீதமானால் 90 நிமிடம். 95 சதவீதமானால் 190 நிமிடம். கடைசி 5 சதவீதத்தைக் கறந்தெடுக்கும் ஆசைக்குக் கொடுக்கும் விலை 100 நிமிடம்.

மேலும், ஒரு கூடத்தின் வேகத்தை அதன் மிக மெதுவான கட்டமே தீர்மானிக்கிறது. வண்ணம் பூசும் அறையில் நாளுக்கு 20 மட்டுமே முடியும் என்றால், வெட்டும் இயந்திரம் 30 வெட்டுவதால் குவியல்தான் பெருகும். ஆகவே கவனம் முழுவதும் அந்த அறையில் இருக்கட்டும். நிறம் மாறும் ஒவ்வொரு முறையும் வண்ணம் தெளிக்கும் துப்பாக்கியையும் குழாயையும் கழுவ வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் முழுக் கூடத்தின் உற்பத்தியும் நிற்கிறது என்றே கொள்ள வேண்டும். ஒரே நிறத்து ஆர்டர்களைச் சேர்த்து, வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடித்தால் கழுவும் வேலை குறையும். கேட்ட நிறத்திலெல்லாம் இரண்டிரண்டு அலமாரிக்கு ஒப்புக்கொள்ளும் விற்பனையாளர் இந்த அறையை ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: இந்த மேலாண்மை தொழிலாளர்கள்மீது என்ன தாக்கத்தை ஏற்படுத்துகிறது? (மேலாண்மை மாணவி)

பதில்: மிகப் பெரிய தாக்கம், இரு திசையிலும். 1913இல் ஃபோர்டு நிறுவனம் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் வரிசையை (வேலை தொழிலாளியிடம் நகர்ந்து வரும் பொருத்து முறையை) கொண்டுவந்தபோது, ஒரு காரின் அடிச்சட்டகத்தைப் பொருத்த ஆன 12 மணிக்கும் மேலான நேரம் சில மாதங்களில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. கார் விலையும் அடுத்த ஆண்டுகளில் பெரிதும் இறங்கியது. ஆனால் நாள் முழுவதும் ஒரே திருகை முடுக்கும் வேலையைத் தாங்காமல் தொழிலாளர்கள் விலகினார்கள். 1913இல் அங்கே ஆட்கள் மாறிய விகிதம் ஏறத்தாழ 370 சதவீதம்; அதாவது, ஓர் இடத்துக்கு ஓர் ஆண்டில் சராசரியாக மூன்று நான்கு முறை புது ஆள் எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் ஊதியமும் 8 மணி நேர வேலையும் அறிவிக்கப்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வேலையை வடிவமைப்பவர் அதைச் செய்பவரின் உடலையும் மனத்தையும் கணக்கில் எடுக்காவிட்டால், அந்தக் கணக்கு ஊதியச் செலவாகவோ விடுப்பாகவோ தரக் குறைவாகவோ திரும்பி வரும். பழுதைக் கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம் என்ற டொயோட்டாவின் ஏற்பாட்டை நான் மதிப்பதற்குக் காரணம், அது தொழிலாளியின் கண்ணை நம்புகிறது.

கேள்வி: அப்படியானால் சரக்கிருப்பே இல்லாமல் நடத்துவதுதான் சிறந்ததா?

பதில்: இல்லை. தேவையானபோது தேவையான அளவு என்ற முறையை வளர்த்த ஜப்பானிலேயே, 2011 மார்ச் நிலநடுக்கத்தில் சிப் தொழிற்சாலைகள் முடங்கியதும் கார் ஆலைகள் நின்றன. 2021 மார்ச்சில் ஒரு கப்பல் குறுக்கே சிக்கியதால் சூயஸ் கால்வாய் 6 நாள் அடைபட்டது. வெளியிலிருந்து வரும் இத்தகைய தாக்கங்களை யாராலும் தடுக்க முடியாது; எந்தப் பொருளுக்குக் கையிருப்பு வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே தீர்மானிக்கலாம். தகடு பலரிடம் கிடைக்கும் என்றால் அதைக் குவிக்காதீர்கள். பூட்டு ஒரே ஒருவரிடமிருந்து, அதுவும் பல வாரங்கள் கழித்து வரும் என்றால், விலையில் சிறியது என்று பார்க்காமல் அதைத் தாராளமாக வாங்கி வையுங்கள்.