வழிகாட்டியிடம் வேலை கேட்காதீர்கள், தம்பி

தம்பி, நீங்கள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலையில் கோணேசபுரி வளாகத்தில் கணினி படித்துவிட்டு ரொறன்ரோவுக்கு மேல்படிப்புக்கு வந்து ஒரு மாதம். துறையில் அனுபவமுள்ள ஒருவரைப் பல்கலைக்கழகம் உங்களுக்கு வழிகாட்டியாகச் சேர்த்துவிட்டிருக்கிறது. முதல் சந்திப்பிலேயே அவரிடம் வேலை கேட்கலாமா? எந்த போன் பிளான் நல்லது? ஸ்காபரோவில் அறை எடுக்கலாமா? போனையும் அறையையும் உங்களோடு படிக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள், அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

கேட்காதீர்கள்.

நான் 2003 ஜனவரியில் வந்து இறங்கினேன். பேராதனையில் சிவில் எஞ்சினியரிங் முடித்து, திருகோணமலையில் நாலு வருஷம் வேலை பார்த்தவன். போன இடமெல்லாம் ஒரே கேள்வி: கனடிய அனுபவம் இருக்கிறதா? வேலை தராமல் அனுபவம் எங்கிருந்து வரும்? ஒன்ராறியோவில் பொறியியலாளர் உரிமத்துக்கு ஒரு வருடக் கனடிய அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை 2023 இல்தான் எடுத்தார்கள். அதற்குள் எத்தனை படித்த பிள்ளைகள் டாக்சி ஓட்டியே ஓய்ந்துபோனார்கள். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

பகலில் வேலை தேடுவேன், இரவில் பாண் தொழிற்சாலையில் தட்டு அடுக்குவேன். பத்தாவது மாதம், புதிதாக வந்தவர்களுக்கு உதவும் ஓரிடத்தில் என்னை ஓய்வுபெற்ற பாலப் பொறியியலாளர் ஒருவரோடு சேர்த்துவிட்டார்கள். கோப்பிக் கடையில் சந்தித்தோம். உட்கார்ந்ததும் ரெசுமேயை மேசையில் வைத்து, "உங்கள் பழைய அலுவலகத்தில் ஏதாவது இடம் இருக்குமா?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் அந்தத் தாளைத் திருப்பி என் பக்கமே தள்ளினார். ரீ ஆறுவதற்குள் எழும்பிப் போய்விட்டார். ஆறு கிழமையாக ஒரு பதிலும் இல்லை.

பிறகு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். வேலை வேண்டாம், இங்கே ஒரு கூரையை எப்படிக் கணக்கிடுவீர்கள் என்று மட்டும் அரை மணி நேரம் காட்டுங்கள் என்றேன். வந்தார், ஒரு வரைபடத்தோடு. அதைப் பார்த்து, கூரை தாங்கவேண்டிய எல்லாச் சுமையும் எழுதினேன். "பனி எங்கே?" என்றார். தெரிந்த மாதிரித் தலையாட்டத்தான் வாய் வந்தது. அன்றைக்கு ஏனோ, "தெரியாது. எங்கள் ஊரில் பனி விழாது" என்று சொல்லிவிட்டேன். உடனே கைதுடைக்கும் காகிதத்தை எடுத்து உயரமான ஒரு சுவர், அதை ஒட்டித் தாழ்ந்த ஒரு கூரை கீறினார். காற்று பனியைக் கொண்டுவந்து அந்த மூலையில்தான் குவிக்கும், சுமை அங்கேதான் கூடும், என்று பேனையால் முக்கோணம் போட்டு நிரப்பினார். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் மாதம் தவறாமல் சந்தித்தோம். வேலை கொடுக்கும் அதிகாரம் தன்னிடம் இல்லை, இல்லாததைக் கேட்டால் எழும்பிப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்று பிற்பாடு சொன்னார். எனக்கு முதல் வேலை வந்ததும் அவர் வாயால்தான். நான் கேட்கவில்லை. அவராக ஒருவரிடம் என்னைப் பற்றிக் கதைத்திருக்கிறார்.

பெரியவர் முன்னால் வாய் திறக்காமல் தலையாட்டுவதை நாம் மரியாதை என்று பழகியிருக்கிறோம். இங்கே அதை ஆர்வமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லுங்கள். அவருடைய ஒரு வேலைநாள் எப்படிப் போகிறது, புதிதாகச் சேரும் பிள்ளைகள் எதில் தடுக்கி விழுகிறார்கள் என்று கேளுங்கள். நீங்கள் எழுதிய புரோகிராம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் சொன்ன ஒன்றையாவது செய்து பார்த்து, என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அந்த இரண்டு வரியை நம் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அனுப்புவதில்லை. எட்டு வருஷமாக நானும் மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

அப்புறம் நம் ஆட்களைப் பற்றியும் சொல்லவேண்டும். "முதலில் வெயார்ஹவுஸில் உழை, படிப்பைப் பிறகு பார்க்கலாம்" என்று மாமாமார் வருவார்கள். படிப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம்தான் சட்டம் விடுகிறது. கையில் காசு தருகிறோம், அதற்கு மேலும் வேலை செய் என்பவரின் பேச்சைக் கேட்டால் உங்கள் விசாதான் போகும், அவருக்கு ஒன்றும் ஆகாது. வேலை எடுத்துத் தருகிறேன் என்று காசு வாங்கி ரெசுமே திருத்துகிறவர்களையும் வாசலிலேயே நிறுத்துங்கள். நாங்கள் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டும் என்று சிலருக்கு ஓர் எண்ணம். எனக்கு அது கிடையாது.

இதை உப்புவெளியில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன், லீவில் வந்து நிற்கிறேன். வாடை தொடங்கிவிட்டது, கடல் குழம்பிக் கிடக்கிறது. நேற்று நிலாவெளி ரோட்டால் போகும்போது உங்கள் வளாக வாசலில் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நின்றார்கள். உங்கள் வீடு மனையாவெளி என்று எழுதியிருந்தீர்கள். வருகிற வெள்ளி இரவு பஸ்ஸில் நான் கொழும்புக்குப் போகிறேன். அதற்கு முன் சந்திப்பு முடிந்தால் இரண்டு வரி எழுதுங்கள், உங்கள் அம்மாவிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.