இலை மிதந்தால் போதுமா?

அன்புள்ள ஐயா,

எந்த பாருக்குப் போனாலும் இப்போது காக்டெயில் பட்டியல் தாவரவியல் பாடநூல் போல இருக்கிறது. அந்தந்த மண்ணின் காட்டுப்பழம், மரப்பட்டை, கேள்விப்படாத ஒரு பூ. குடித்துப் பார்த்தால் ஜின்னில் எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்த பழைய ஜின் சவர்தான். உள்ளூர்ச் சுவை என்பது வெறும் விளம்பரமா? பால் சேர்த்ததாகச் சொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள். கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. பால் எங்கே போனது என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.
க.

அன்புள்ள க.,

கூச்சப்படாத வாசகர் ஒருவர் 1806-இல் இருந்தார். நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்றில் ‘காக்டெயில்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் என்ன என்று ஆசிரியரையே கேட்டு எழுதினார். ஏதேனும் ஒரு வடிமது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்னும் கசப்புச் சாறு என்று பதில் வந்தது. அந்த ‘ஏதேனும் ஒரு’ எனக்குப் பிடித்த இடம். எந்த மண்ணின் மதுவும் அதற்குள் வந்து உட்காரலாம். பிரேசிலின் கைப்பிரின்யா என்ற காக்டெயிலில் கரும்புச்சாற்றிலிருந்து வடித்த கஷாசா இருப்பது யாரும் யோசித்துச் சேர்த்த புதுமையல்ல. அங்கே கைக்கு எட்டியது அதுதான்.

உங்கள் ஜின் சவர் புகார் நியாயமானது. பல பார்களில் பழைய செய்முறையை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு கரண்டி உள்ளூர்ப் பழப்பாகைச் சேர்த்து, மேலே ஓர் இலையை மிதக்கவிடுகிறார்கள். எலுமிச்சை எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது. எலுமிச்சையைத் தூக்கிவிட்டு அந்தப் பழத்தையே புளிப்புக்கு நிறுத்துவதுதான் கடினம். எலுமிச்சைச் சாற்றில் அமிலம் சுமார் 6 சதவீதம். ஆரஞ்சில் 1 சதவீதத்தை ஒட்டித்தான். அளவுக்கு அளவு மாற்றினால் பானம் சப்பென்று ஆகிவிடும். எனவே லிட்டருக்குச் சுமார் 50 கிராம் சிட்ரிக், மாலிக் அமிலப் பொடிகளைக் கலந்து ஆரஞ்சுச் சாற்றை எலுமிச்சையின் புளிப்புக்கு உயர்த்துகிறார்கள். ஒரு பாரில் அந்தப் பொடிகளைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்த இளைஞரைப் பார்த்தபோது மருந்துக்கடையில் நிற்பது போலிருந்தது. பட்டியலில் இருந்த எந்தப் பூவின் பெயரையும்விட அந்தத் தராசு எனக்கு நம்பிக்கை தந்தது.

இனி உங்கள் பால். இதுவும் புதிதல்ல, 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயே செய்தார்கள். மதுவும் புளிப்பும் கலந்த பானத்தைப் பாலில் ஊற்றினால் பால் திரிகிறது. வடிகட்டியில் முதலில் சொட்டுவது கலங்கலாகத்தான் இருக்கும். அதைத் திரும்பவும் திப்பியின் மேலேயே ஊற்றுவார்கள். திப்பியே வடிகட்டியாகி, பிறகு சொட்டுச் சொட்டாகத் தெளிந்து இறங்குகிறது. சில மணி நேரம் பிடிக்கும். திரிந்த பாலின் கேசின் புரதம் துவர்ப்பையும் நிறத்தில் பெரும்பகுதியையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. பட்டை, தேயிலை போன்ற துவர்ப்பான சரக்குகளுக்கு இது கைகொடுக்கும். ஆனால் கண்டதையெல்லாம் பாலில் தெளியவைக்கும் இன்றைய மோகம் எனக்குச் சலிப்பு. ஒரு மரப்பட்டையின் குணமே அதன் துவர்ப்புதான் என்றால், அதை உருவிவிட்டு எதைப் பரிமாறுகிறார்கள்?

பாலும் முழுதாகப் போய்விடுவதில்லை. திரிந்த பாலின் நீரில் கரைந்திருக்கும் மோர்ப்புரதம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே தங்குகிறது. நாக்கில் பட்ட வழுவழுப்பு அதனால்தான். பால் ஒவ்வாத நண்பர் யாராவது உங்களோடு வந்தால், தெளிவாக இருக்கிறதே என்று அந்தக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்திவிடாதீர்கள்.