ஆண்டுச் சராசரி 0 டிகிரிக்கு மேல் உள்ள மலைச்சரிவில் கற்களுக்கடியில் பனிக்கட்டி எப்படி நிலைக்கும்? அதை எப்படி உறுதி செய்வது?

மண்டபத்திலிருந்து லடாக் களப்பயணத்துக்குத் தயாராகும் நிலவியல் மாணவர் ஒருவர் கேட்டது இது.

தொடர்ந்து 2 ஆண்டுகளாவது 0 டிகிரியைத் தாண்டாத நிலம்தான் பெர்மாஃப்ராஸ்ட், அதாவது உறைநிலம். கணக்கில் வருவது நிலத்தின் வெப்பநிலை, காற்றின் வெப்பநிலை அல்ல. குழப்பம் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது.

மீன் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். மேலே வெக்கை, அடியில் குளிர். குளிர்ந்த காற்று கனமானது, தேங்கி நிற்கும். பெரிய பாறைகள் குவிந்த சரிவிலும் இதேதான்: குளிர்காலக் காற்று இடுக்குகளுக்குள் இறங்கி, இருந்த வெதுவெதுப்பான காற்றை வெளியே தள்ளுகிறது. கோடையில் மேலே உள்ள லேசான காற்றால் உள்ளே இறங்க முடிவதில்லை. சுவிட்சர்லாந்தின் க்ரூ து வான் சரிவு சுமார் 1,200 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, ஆண்டுச் சராசரி 5 டிகிரிக்கும் மேல். அங்கேயும் கல்குவியலின் அடிவாரத்தில் உறைநிலம் உண்டு. கோடையில் அத்தகைய சரிவின் அடியில் நின்றால் கணுக்காலில் குளிர்காற்று படும். குளிர்காலத்தில் மேற்பகுதிப் பனிப்போர்வையில் ஓட்டைகள் உருகியிருக்கும்.

பாறைப் பனியாற்றில் (உள்ளே பனிக்கட்டியோடு மெதுவாகக் கீழே நகரும் கல்குவியல்) முதலில் பார்க்க வேண்டியது முகப்புச் சரிவு. தனுஷ்கோடி மணல்மேட்டில் காற்றுக்கு மறைவான பக்கம் 30 டிகிரியை ஒட்டிச் சரிந்து நிற்கும். நகரும் பாறைப் பனியாற்றின் முகப்பு பெரும்பாலும் 35 டிகிரிக்கு மேல், செடி பிடிக்காமல், புதுக் கல் தெரிய இருக்கும். சரிவு மழுங்கிப் புல் முளைத்திருந்தால் பனிக்கட்டி போய்விட்டிருக்க வாய்ப்பு அதிகம். நகர்வு நின்றதாலேயே பனிக்கட்டி இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

ஆகஸ்ட் கடைசியில் அடிவார ஊற்று நீரின் வெப்பநிலையை அளவெடுங்கள். 1 டிகிரிக்குள் என்றால் உறைநிலம் இருக்க நல்ல வாய்ப்பு, 2-க்கு மேல் என்றால் குறைவு. ஊற்றுக்கண்ணிலேயே அளக்க வேண்டும், சில மீட்டர் ஓடினாலே வெயிலில் சூடேறிவிடும். மேலே பழைய பனித்திட்டு உருகி வந்தாலும் ஊற்று குளிரும், அதையும் பாருங்கள்.

பனிக்கடியில் நிலத்தின் வெப்பநிலையைப் பிப்ரவரி, மார்ச்சில் அளக்கும் முறையும் உண்டு. மைனஸ் 3-க்குக் கீழே போனால் உறைநிலம் இருக்கலாம். ஆனால் அதற்கு 80 செ.மீ. பனியாவது நீண்ட நாள் கிடக்க வேண்டும். வறண்ட லடாக்கில் பல இடங்களில் அவ்வளவு விழாது. அங்கே நான் சொல்வது வெப்பநிலையைத் தானாகப் பதிவு செய்யும் டேட்டா லாகர்தான்: ஒன்று கற்களுக்கிடையே, ஒன்று பக்கத்து நுண்மண்ணில், 5 முதல் 10 செ.மீ. ஆழத்தில், வெயில் படாமல், குறைந்தது ஒரு முழு ஆண்டு. லித்தியம் பேட்டரி போடுங்கள்.

கிளம்பும் முன் லாகரைச் சரிபார்ப்பதில்தான் நம் கடலோரத்தில் தவறு நடக்கும். ஐஸ் கம்பெனி ஐஸ் பாரை உடைத்துப் போட்டுச் சோதிக்காதீர்கள். தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் உறைநிலை இறங்கிவிடும். லிட்டருக்கு 5 கிராம் உப்பே சுமார் 0.3 டிகிரி இறக்கும். விளிம்புநிலைச் சரிவில் உறைநிலம் உண்டா இல்லையா என்பதே பெரும்பாலும் அந்த 0.3 டிகிரிக்குள் அடங்கும். வாலை வடிநீரை உறைய வைத்து, நொறுக்கி, அதே நீர் சேர்த்துக் கூழாக்கி, லாகரை அதில் அமிழ்த்தி, அரை மணி நேரம் கலக்கியபடி வையுங்கள்.

வசந்தத்தில் பனி உருகி நிலம் ஊறும் வாரங்களில் லாகர் அசையாமல் 0.0 காட்ட வேண்டும். 0.3 காட்டினால் பதிவு முழுவதிலும் 0.3 கழியுங்கள்.