வீட்டுக் கணக்கு: துபாயில் நம் சம்பளத்துக்கு ஒரு வில்லா

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் துபாய் வீடு பற்றியவை. 2003 முதல் 2022 வரை அந்த ஊரில் கணக்காளராக வேலை பார்த்தவள் என்பதால் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். நான்கு கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்கு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

வணக்கம் அம்மா. வயது 44. துபாயில் 14 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மனைவியும் வேலைக்குப் போகிறாள். இருவர் சம்பளமும் சேர்த்து 28,000 திர்ஹாம். கராமாவில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு ஆண்டு வாடகை 95,000. மூன்று படுக்கையறை வில்லா 18 லட்சம் திர்ஹாம் என்று விளம்பரம் பார்த்தோம். கையில் 4 லட்சம் சேமிப்பு. பாம் ஜுமேராவும் எமிரேட்ஸ் ஹில்ஸும் இருக்கிற ஊரில் நமக்கெல்லாம் இது நடக்கிற காரியமா?
– வாசகர், கராமா, துபாய்

நடக்கிற காரியம்தான் தம்பி. நானும் என் கணவரும் 2017-இல் அல் குத்ரா சாலைப் பக்கம் மீரா குடியிருப்பில், வரிசையின் நடுவில் இருக்கும் ஒரு வீட்டை வாங்கினோம். இரண்டு பேரும் மாதச் சம்பளக்காரர்கள்தான். ஆனால் உங்கள் 4 லட்சம் போதாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டவர் வாங்கும் முதல் வீட்டின் விலை 50 லட்சம் திர்ஹாமுக்குள் இருந்தால், வங்கி அதிகபட்சம் 80 சதவீதம் கடன் தரலாம். (நாங்கள் வாங்கியபோது 75 தான். 2020-இல் உயர்த்தினார்கள்.) மீதி 20 சதவீதம், அதாவது 3,60,000, உங்கள் கையிலிருந்து. அதற்கு மேல் துபாய் நிலத்துறைக்குப் பதிவுக் கட்டணம் 4 சதவீதம்: 72,000. தரகருக்கு வழக்கமான 2 சதவீதமும் அதன் மேல் வாட் வரியும் சேர்த்து 37,800. பதிவு நடக்கும் ட்ரஸ்டி அலுவலகத்துக்கு 4,200. அடமானப் பதிவுக்குக் கடன் தொகையில் கால் சதவீதமும் 290 திர்ஹாமும், ஏறக்குறைய 3,900. வங்கியின் செயலாக்கக் கட்டணம் கடனில் ஒரு சதவீதம் என்று வைத்தால் 14,400. மதிப்பீட்டுக் கட்டணம் தனி. கூட்டிப் பாருங்கள், 5 லட்சத்தைத் தொடுகிறது. இந்தக் கட்டணங்களையும் கடனோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று முன்பு சில வங்கிகள் வழிவிட்டன. 2025 பிப்ரவரி முதல் மத்திய வங்கி அதை நிறுத்திவிட்டது. பற்றாக்குறையைத் தனிநபர் கடனாலோ கிரெடிட் கார்டாலோ நிரப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதல் ஆண்டிலேயே அது கழுத்தை நெரிக்கும். ஒன்றரை ஆண்டு பொறுத்துச் சேருங்கள். அல்லது விலையில் கீழே இறங்குங்கள்.

மாதத் தவணை என்ன ஆகும்? கடன் காலம் அதிகபட்சம் 25 ஆண்டு. ஆனால் சம்பளக்காரர் 65 வயதுக்குள் கட்டி முடிக்க வேண்டும் என்பதால் உங்களுக்கு 21 ஆண்டுதான் கிடைக்கும். 4 சதவீத வட்டி என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 8,450 திர்ஹாம். ஆண்டுக்கு ஒரு லட்சத்துச் சொச்சம். உங்கள் வாடகைக்குப் பக்கத்தில்தான் வருகிறது. இந்த இடத்தில்தான் எல்லோரும் கணக்கை மூடிவிட்டுக் கையெழுத்துப் போடப் போகிறார்கள். நீங்கள் மூடாதீர்கள்.

துபாயில் ஒரு வில்லா மலிவாகக் கிடைத்தால், அந்த மலிவுக்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கண்டுபிடிப்பதும், அந்தக் காரணத்தோடு உங்கள் குடும்பம் பத்து ஆண்டு வாழ முடியுமா என்று பார்ப்பதும்தான் உங்கள் வேலை. நான் பார்த்தவரை காரணங்கள் மூன்று நான்குக்குள் அடங்கிவிடும்.

முதலாவது, அது வில்லாவே அல்ல. விளம்பரத்தில் வில்லா என்று இருக்கும். போய்ப் பார்த்தால் வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டிய டவுன்ஹவுஸ். உங்கள் தொகைக்கு அதுதான் கிடைக்கும், அதில் குறையொன்றும் இல்லை. வரிசையின் கோடி வீட்டுக்கு விலை அதிகம், நடு வீட்டுக்குக் குறைவு. பின்பக்கம் இன்னொரு வீட்டின் முதுகைப் பார்த்திருந்தால் இன்னும் குறைவு. நடு வீட்டை எல்லோரும் தட்டிக்கழிப்பார்கள். நான் தேடிப் போய் வாங்கினேன். இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீடுகளோடு ஒட்டியிருப்பதால் அந்தச் சுவர்களில் வெயில் விழாது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தேவாவுக்கு (துபாய் மின்சார, நீர் ஆணையம்) நாங்கள் கட்டும் மின் கட்டணத்துக்கும் கோடி வீட்டுக்காரர் கட்டணத்துக்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்து அவர்களே வியந்திருக்கிறார்கள். முகப்பு மேற்கு பார்த்திருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். மாலை நான்கு மணி வெயில் மாடிப் படுக்கையறையில் விழுந்தால் இரவு பத்து மணி வரை அறை ஆறாது.

இரண்டாவது, தூரம். டவுன் ஸ்கொயர், செரீனா, வில்லனோவா, டமாக் ஹில்ஸ் 2 என்று மலிவு தேடுபவர்கள் கேட்கும் பெயர்கள் எல்லாம் நகரின் உள்பக்கப் பாலைவனத்தில் இருக்கின்றன. மெட்ரோ அங்கே போகாது. கராமாவில் நீங்கள் இன்று காய்கறிக்கு நடந்து போகிறீர்கள், பிள்ளைகள் ஊத் மேத்தா பள்ளிக்குப் பத்து நிமிடத்தில் போகிறார்கள் என்று நினைக்கிறேன். அங்கே போனால் உங்கள் மனைவிக்கும் தனியாக ஒரு கார் வேண்டும். அவரிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா? உரிமம் எடுக்கும் செலவையும் மாதங்களையும் கணக்கில் சேருங்கள். நெரிசல் நேரத்தில் ஒரு சாலிக் (சாலைச் சுங்கம்) வாயிலுக்கு 6 திர்ஹாம். இரண்டு கார்களும் சேர்ந்து நாளைக்கு நான்கு வாயில் கடந்தால் 24. பெட்ரோல், இரண்டாவது காரின் தவணை, காப்பீடு எல்லாம் சேர்ந்து மாதம் 2,000, 2,500 என்று போய்விடும். அந்தப் பணம் வீட்டு விலைக்குள் ஒளிந்திருக்கிறது என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். பள்ளி திறந்திருக்கும் ஒரு வேலைநாளில் காலை ஆறரை மணிக்கு அந்த வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். அங்கிருந்து பள்ளிக்கும், பிறகு அலுவலகத்துக்கும் ஓட்டிப் பாருங்கள். மாலை ஆறு மணிக்குத் திரும்பி வாருங்கள். இதை இரண்டு நாள் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் தரகர் தன் காரில் அழைத்துப் போய்க் காட்டும் தூரம் வேறு. என் மகள் பள்ளிப் பேருந்தில் ஒரு நாளைக்கு இரண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வாங்குவதற்கு முன்பு அதை நான் அளந்து பார்க்கவில்லை. இன்றும் எனக்கு அது வலிக்கிறது.

மூன்றாவது, கட்டிய தரம். கடைசிக் கையெழுத்துக்கு முன் ஒரு பரிசோதகரை அமர்த்தி வீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வில்லாவில் ஏசி இயந்திரங்கள் மொட்டை மாடியில் இருக்கும். பழுதானால் முழுச் செலவும் உங்களுடையது. அவற்றின் வயதைக் கேளுங்கள். மாடித் தளத்தின் நீர்க்காப்பு, தண்ணீர்த் தொட்டி, மோட்டார் எல்லாம் பார்க்க வேண்டும். 2024 ஏப்ரல் 16 மழையில், 75 ஆண்டுப் பதிவுகளில் இல்லாத அளவுக்கு அமீரகத்தில் கொட்டியபோது, பல வில்லா குடியிருப்புகளில் தண்ணீர் புகுந்தது. தரைத்தளச் சுவரின் அடிப்பகுதியில் புதுப் பூச்சு மட்டும் தனியாகத் தெரிகிறதா, படிக்கட்டின் கீழ் மர அலமாரி உப்பியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அந்த நாளில் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அவர் சொல்லிவிடுவார்.

நான்காவது, உள்ளே வாடகைக்கு ஆள் இருப்பது. நீங்களே குடியேறுவதற்காக அவரை எழுப்ப வேண்டுமானால் 12 மாத முன்னறிவிப்பு, அதுவும் நோட்டரி மூலமோ பதிவுத் தபாலிலோ கொடுத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சொன்னேன் என்பது செல்லாது. அந்த ஓராண்டு நீங்கள் வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்டுவீர்கள். காலி வீடாகப் பாருங்கள்.

பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக் கணக்கில் வரும். சதுர அடிக்கு 3 திர்ஹாம் என்றால் 2,000 சதுர அடிக்கு ஆண்டுக்கு 6,000. சரியான விகிதத்தை நிலத்துறையின் பராமரிப்புக் கட்டணக் குறியீட்டில் பார்த்துக்கொள்ளலாம். விற்பவர் பாக்கி வைத்திருந்தால், அதைத் தீர்க்காமல் கட்டுமான நிறுவனம் தடையில்லாச் சான்று (என்ஓசி) தராது, பத்திரமும் மாறாது. தேவா வைப்புத்தொகை வில்லாவுக்கு 4,000; அடுக்குமாடிக்கு நீங்கள் கட்டியதைப் போல இரண்டு மடங்கு.

இன்னொன்று. இன்னும் இரண்டு லட்சம் கூட்டி 20 லட்சத்துக்கு வாங்கினால் பத்தாண்டு கோல்டன் விசா கிடைக்கும் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உண்மைதான், அது விதி. ஆனால் விசாவுக்காகக் கடனைப் பெரிதாக்காதீர்கள். வேலை போனாலும் விசா கையில் இருக்கும். ஆனால் தவணையை அந்த விசா கட்டாது. ஆறு மாதத் தவணை தனிக் கணக்கில் கிடந்தால்தான் நான் உங்களுக்குச் சரி என்று சொல்வேன்.

கட்டி முடித்த வீட்டுக்கு எங்களிடம் பணமில்லை. கட்டப்போகும் வீட்டுக்கு மாதம் ஒரு சதவீதம் கட்டினால் போதும் என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, அல் கிசைஸ், துபாய்

சகோதரி, 2007-இல் நாங்களும் இப்படித்தான் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்தோம். மாதிரி வீட்டை மேசைமேல் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டினார்கள். என் மகளுக்கு எந்த அறை என்று அதில் விரல் வைத்துப் பேசிக்கொண்டோம். 2009-இல் போய்ப் பார்த்தபோது அந்த இடத்தில் வேலியும் மணலும் இருந்தன. ஐந்து ஆண்டு கழித்து மூன்றில் ஒரு பங்கு பணம் திரும்பியது. நாங்கள் பணம் கட்டியது அந்த நிறுவனத்தின் சாதாரணக் கணக்கில்.

இன்று சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் 8-ஆம் எண் சட்டப்படி, கட்டப்போகும் வீட்டுக்கான பணம் அந்தத் திட்டத்தின் எஸ்க்ரோ கணக்கில்தான் (அந்தத் திட்டத்துக்கு மட்டுமே உரிய பாதுகாப்புக் கணக்கு) சேர வேண்டும். கணக்கின் பெயரில் திட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு திர்ஹாம்கூட அனுப்பாதீர்கள். விற்பனை ஊழியர் பெயருக்கோ தரகு நிறுவனத்தின் பெயருக்கோ செக் எழுதாதீர்கள். உங்கள் பெயரில் ஊகூத் என்ற முன்பதிவு நிலத்துறையில் ஏறியிருக்க வேண்டும். நிலத்துறையின் துபாய் ரெஸ்ட் செயலியில் திட்டத்தின் பெயரைப் போட்டால் எத்தனை சதவீதம் கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். பிறகு நேரில் போய், அந்தச் சதவீதம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள்.

‘மாதம் ஒரு சதவீதம்’ பற்றி ஒன்று கேளுங்கள்: சாவி வாங்கும் நாளில் எத்தனை சதவீதம் ஒரே தொகையாகக் கட்ட வேண்டும்? பெரும்பாலும் அங்கேதான் சுமை இருக்கிறது. அன்று வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் உங்களுக்கு வேறு வழி இருக்காது. வீடு வரும்வரை வாடகையும் நிற்காது. உங்கள் கடிதத்தில் சொல்லியுள்ள வருமானத்துக்கு நான் வேண்டாம் என்றே சொல்கிறேன்.

வில்லா வாங்கி, மாடியில் இரண்டு அறைகளைத் தெரிந்த குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டால் தவணையில் பாதி வந்துவிடுமே?
– வாசகர், தேரா, துபாய்

செய்யாதீர்கள். ஒரு வில்லாவில் ஒரு குடும்பம் என்பதை நகராட்சி 2008 முதல் கண்டிப்பாகச் செயல்படுத்தி வருகிறது. தடுப்புகள் போட்டு அறை அறையாக விட்டால் அபராதம் உண்டு. அப்படிக் குடியிருந்தவர்களை இரவோடு இரவாகச் சாமான்களுடன் வெளியேற்றியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தைகளின் முகம் மறக்கவில்லை. அடுத்தவர் வாடகையை நம்பித்தான் தவணை என்றால் உங்களுக்கேற்றது சிறிய அடுக்குமாடி வீடு.

நானும் என் மனைவியும் திருநெல்வேலியில் இருக்கிறோம், ஓய்வு பெற்றவர்கள். மகன் துபாயில். அங்கே வீடு வாங்க நாங்கள் பணம் அனுப்பலாமா? பத்திரம் யார் பெயரில் இருக்க வேண்டும்?
– வாசகர், பாளையங்கோட்டை

அனுப்பலாம் ஐயா. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்ற நிலையான மாற்றில் அது 9,18,000 திர்ஹாம். இருவருக்கும் சேர்த்து 18 லட்சத்துக்குச் சற்று மேல். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகையில் 20 சதவீதத்தை வங்கி வரியாகப் பிடிக்கும். கணக்குத் தாக்கல் செய்யும்போது அதை ஈடுசெய்துகொள்ளலாம். தெரிந்தவர் மூலம் ‘கையில் கொடுத்து அங்கே வாங்கும்’ வழியில் ஒரு ரூபாய்கூட வேண்டாம். உங்கள் பெயரிலும் பத்திரம் இருந்தால், இந்திய வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் அந்த வீட்டை ஆண்டுதோறும் காட்ட வேண்டும். மறந்தால் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பெயர் விஷயத்தில், மகனும் மருமகளும் ஆளுக்குப் பாதி என்று பங்கைக் குறிப்பிட்டுப் பதிவது நல்லது என்பேன். இருவரில் ஒருவர் இறந்தால் அவர் பங்கு தானாக மற்றவருக்குப் போய்விடும் என்று நம்மவர்கள் நினைத்திருக்கிறார்கள். அப்படிப் போகாது, நீதிமன்ற உத்தரவு வேண்டும். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 2015 முதல் டிஐஎஃப்சி (துபாய் சர்வதேச நிதி மையம்) உயில் பதிவு மையம் இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்த வாரத்திலேயே இருவரும் அங்கே போய் உயிலைப் பதிந்துவிடட்டும். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தால், பாதுகாவலர் பெயரையும் அதே உயிலில் எழுதச் சொல்லுங்கள்.