சுப்பிரமணியன் என்ற பெயரில் நான் நினைவில் வைத்திருப்பவர்கள்

"உங்கள் பெயரையே கொண்ட புகழ்பெற்றவர்களில் யாரை அடிக்கடி நினைத்துக்கொள்வீர்கள்?" என்பது கேள்வி.

என் பெயர் சுப்பிரமணியன். அது என் தாத்தாவின் பெயர். பெயரைத் தாங்குவதால்தானே பெயரன், பேரன் என்கிறோம். நான் வளர்ந்த திருவல்லிக்கேணியில் இந்தப் பெயரைச் சொன்னவுடன் எல்லோரும் பாரதியாரைத்தான் சொல்வார்கள். எட்டயபுரத்தில் 1882-ல் பிறந்து, வீட்டில் சுப்பையா என்று அழைக்கப்பட்ட அவருக்குச் சிறுவயதில் கிடைத்த பாரதி என்ற பட்டமே பின்னர் பெயராக நிலைத்துவிட்டது. அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை. அவரைச் சென்னைக்கு அழைத்து வந்த இன்னொரு சுப்பிரமணியரைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

அவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1855-ல் திருவையாற்றில் பிறந்தவர். உயர் நீதிமன்ற நீதிபதியாகத் தி. முத்துசுவாமி ஐயர் நியமிக்கப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் இழிவாக எழுதியபோது, அதற்குப் பதில் சொல்ல நமக்கென்று ஒரு பத்திரிகை வேண்டும் என்று நண்பர்கள் ஐவருடன் சேர்ந்து, கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாயில் 80 பிரதிகள் அச்சிட்டு, 1878 செப்டம்பரில் 'தி ஹிந்து'வைத் தொடங்கினார். ஆங்கிலம் அறியாதவர்களுக்கும் நாட்டு நடப்பு தெரிய வேண்டும் என்பதற்காக 1882-ல் 'சுதேசமித்திரன்' வார இதழையும் தொடங்கினார். 1885-ல் பம்பாயில் கூடிய காங்கிரசின் முதல் மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் இவரே.

ஆனால் நான் அவரை வணங்குவது வேறொரு காரணத்துக்காக. இளம் வயதிலேயே கணவனை இழந்த தம் மகள் சிவப்பிரியாவுக்கு, 1889-ல் காங்கிரஸ் மாநாடு நடந்த சமயத்தில் பம்பாயில் மறுமணம் செய்து வைத்தார். அதற்காகச் சுற்றத்தார் அவரை ஒதுக்கி வைத்தார்கள். விதவை மறுமணத்தை மேடையில் ஆதரித்த பெரியவர்கள் அக்காலத்தில் பலர் உண்டு. தம் வீட்டு வாசலுக்கு அந்தக் கொள்கை வந்தபோது கதவைத் திறந்தவர்கள் மிகச் சிலரே. இதை முதன்முதலில் படித்த அன்று, இந்தப் பெயரை நான் சுமப்பதை எண்ணி மனம் நெகிழ்ந்தேன்.

சுப்பிரமணிய சிவாவையும் விட்டுவிட முடியாது. 1908-ல் வ.உ.சி.யுடன் கைதாகி, சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி, விடுதலைக்குப் பின் சென்னையில் 'ஞானபானு' என்ற இதழை நடத்தியவர். புதுச்சேரியிலிருந்து பாரதி அதற்கு எழுதியிருக்கிறார். 1925-ல் பாப்பாரப்பட்டியில் மறைந்தார். பசுமைப் புரட்சிக்கு வழிவகுத்த சி. சுப்பிரமணியத்தையும் என் தலைமுறை நன்கு அறியும்.

எனினும் மனம் திரும்பத் திரும்ப ஐயரிடமே செல்கிறது. மதுரை சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக இருந்த 21 வயது இளைஞனை இனங்கண்டு, 1904 நவம்பரில் 'சுதேசமித்திரன்' உதவி ஆசிரியராக்கியவர் அவர்தான். அங்கே ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிய அன்றாட உழைப்பில் பாரதியின் உரைநடை பழகியது என்றே நான் கருதுகிறேன். 1916 ஏப்ரலில் ஐயர் காலமானபோது பாரதி புதுச்சேரியில் இருந்தார். பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்தால் கைதாவார் என்ற நிலை. 1918-ல் எல்லையைக் கடந்தபோது அப்படியே கைதும் ஆனார். பிறகு 1920-ல் அதே 'சுதேசமித்திரன்' அலுவலகத்துக்கு அவர் மீண்டும் வேலைக்குச் சென்றபோது, அவரை முதன்முதலில் அங்கே அழைத்து வந்த சுப்பிரமணியர் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.