பழைய குகைக்குள் புதிய விதிகள்: நம் குழுவின் கேள்வி பதில்

சுங்கை சிப்புட்டில் ஞாயிறுதோறும் கூடி விளையாடும் நம் குழுவின் இளையவர்கள், முதல் பதிப்புக் காலத்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டிக் கதைமாந்தராக விளையாடும் ஆட்டம்) சாகசங்களை, அதாவது அதன் அச்சிட்ட கதைக்களங்களை, 2014இல் வந்த 5ஆம் பதிப்புக்கு மாற்றுவது குறித்துக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

அண்ணா, பழைய விதியில் ஆர்மர் கிளாஸ் (அடி படுவது எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்) குறையக் குறையப் பாதுகாப்பு கூடுகிறது; புதியதில் எண் கூடக் கூடத்தான் பாதுகாப்பு. அதை 20இலிருந்து கழித்து எழுதினால் போதாதா?

2000இல் வந்த 3ஆம் பதிப்புக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் பொருந்தும், தம்பி. 5ஆம் பதிப்பில் அது பிழையாகிவிடும். ஏனெனில் அதில் தேர்ச்சிக் கூட்டெண் (தேர்ந்த செயலுக்குப் பகடை எண்ணோடு கூட்டுவது) 2இல் தொடங்கி உச்சமான 20ஆம் நிலையிலும் 6ஐத் தாண்டாதபடி எண்கள் வேண்டுமென்றே தாழ்த்தி வைக்கப்பட்டிருக்கின்றன. ஓகர் என்னும் அரக்கனையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நூலில் அதன் ஆர்மர் கிளாஸ் 5. கழித்தால் 15 வரும். புதிய நூலிலோ அது 11தான். ஆனால் முன்பு சராசரியாக 19 ஆக இருந்த அதன் ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) இப்போது 59. அதாவது, அடி எளிதில் விழும். ஓகர் எளிதில் விழாது. ஆகவே எண்களை மாற்றிக்கொண்டிருக்காமல், பழைய நூலில் ஓகர் நிற்கும் இடத்தில் புதிய நூலின் ஓகரை அப்படியே நிறுத்துங்கள். பிறகு எண்ணிக்கையைப் பாருங்கள்: அந்தச் சாகசங்கள் பல, ஆறு முதல் ஒன்பது பேர் வரை விளையாடுவதற்காக எழுதப்பட்டவை. நாம் நால்வர். ஓர் அறையில் ஆறு ஓகர்கள் இருந்தால் நான் மூன்றை அடுத்த அறையில் உறங்க வைப்பேன். சத்தம் கேட்டால் அவை எழுந்து வரும்.

ஒரே கடியில் உயிர் போகும் விஷத்தை என்ன செய்வது, அண்ணா?

பழைய விதியில் சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் பகடை) தவறினால் பெரும்பாலும் மரணம்தான். புதிய விதியில் உடலுறுதியைச் சோதித்து, தவறினால் ஹிட் பாயிண்டைக் குறைப்பார்கள். புதிய விதியையே பின்பற்றுங்கள். ஆனால் அச்சத்தைக் கைவிடாதீர்கள். செம்பனைக்கு அடியில் குவிந்த காய்ந்த மட்டையைக் கையால் புரட்டக் கூடாது என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதுபோல், கடி விழுமுன் உரித்த தோலையோ செத்த எலியையோ ஆட்டக்காரர்களின் கண்ணில் படும்படி வையுங்கள்.

பழைய குகைகளில் ஏன் இவ்வளவு தங்கம்? குறைத்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள், தங்கச்சி. முதல் பதிப்பில் பத்திரமாக வெளியே கொண்டுவந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் வழக்கமாக ஓர் அனுபவப் புள்ளி (சேர்ந்தால் பாத்திரத்தின் நிலை உயரும்) கிடைத்தது. அதனால்தான் அன்றைய ஆட்டக்காரர்கள் சண்டையைத் தவிர்த்து, பதுங்கிச் சென்று, பேரம் பேசிப் புதையலை எடுத்தார்கள். 5ஆம் பதிப்பின் வழக்கமான விதி பெரும்பாலும் வீழ்த்திய எதிரிகளுக்கே புள்ளி தருவதால், காசைக் குறைப்பதோடு நிறுத்தினால் சாகசம் வெறும் வெட்டுக்குத்தாகிவிடும். நான் காசைப் பத்தில் ஒரு பங்காக்கி, புதையலை அடைந்தாலே ஒரு நிலை உயர்வு என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவேன்.

சாகசத்தின் கிராமத்தை நம் பழைய தோட்ட லயமாக (தொழிலாளர் வரிசை வீடுகளாக) மாற்றலாமா?

தாராளமாக. வாசல்களின் எண்ணிக்கையையும் தூரங்களையும் மட்டும் மாற்றாதீர்கள்.